சிதைக்கப்பட்ட வீடுகள்

ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பட்டுச்சேலைக் கடைக்கும் ஒரு ஸ்கேன் சென்டருக்கும் நடுவில் இருந்த பழைய வீட்டின் மாடியில் தன் அப்பாவுக்கு ஓர் அருங்காட்சியகம் வைத்திருந்தார் மெல்வின். மாடியேறி வருகிறவர்களில் பாதிப்பேர் ஸ்கேன் எடுக்க வந்தவர்கள். வெறும் வயிற்றோடு, கையில் டாக்டர் சீட்டோடு, மூச்சு வாங்க நின்று, வயிற்று ஸ்கேன் இங்கேதானே என்று கேட்பார்கள். மெல்வின் பதில் சொல்ல மாட்டார். மூக்குக் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வைக்கே அவர்கள் இறங்கிப் போய்விடுவார்கள். அவருடைய மனைவி விமலாராணிதான் பின்னாலேயே போய்ப் பக்கத்து வாசலைக் காட்டிவிட்டு வருவாள்.

அப்பா தேவதாஸ் அந்த வட்டாரத்தில் பேர்பெற்ற கட்டடக் கலைஞர். மில் முதலாளிகளுக்கும் தோட்டம் வைத்திருந்தவர்களுக்கும் வீடுகள் கட்டினார். சில தேவாலயங்களும் கட்டினார். பூச்சு இல்லாத கருங்கல் சுவர், தாழ்ந்த கூரை, எந்தப் பக்கம் காற்றடித்தாலும் உள்ளே வர ஒரு வழி என்று அவருக்கென்று ஒரு பாணி. அதிலும் பேசப்பட்டவை அவருடைய படிகள். சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கல் பலகைகள், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே வெறும் வெளிச்சம், கைப்பிடி கிடையாது. மனிதன் தன் காலை நம்பி ஏறட்டும் என்று அவர் இளமையில் எங்கோ பேசியதைப் பெரிய எழுத்தில் எழுதி முதல் அறையில் மாட்டியிருந்தார் மெல்வின். அருங்காட்சியகத்துக்கு ஏறி வரும் படியும் அதே மாதிரிதான்.

மெல்வினும் அப்பாவின் தொழிலைத்தான் படித்தார். ஆனால் அவரிடம் வீடு கட்ட வந்தவர்கள் எல்லோரும் வாஸ்து பார்த்தார்கள், பூஜை அறை கேட்டார்கள், ஷூ வைக்க இடம் கேட்டார்கள். இப்படிப்பட்ட மனிதர்களுக்கு வீடு எதற்கு என்று அவர் கேட்டார். அவர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் ஒரு பாலிடெக்னிக்கில் வரைபடம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றார். ஊரில் ரசனை என்று ஒன்று தன் அப்பாவோடு செத்துப்போய்விட்டதாகவும், அதற்குக் கல்லறை கட்டும் வேலை தனக்கு வந்திருப்பதாகவும் அவர் உண்மையாகவே நம்பினார்.

முதல் அறையில் அட்டையில் செய்த மாதிரி வீடுகள். இரண்டாவது அறையில் அப்பாவின் மேசை, பேனாக்கள். இந்த இரண்டையும் பார்க்க ஈ காக்கைகூட வரவில்லை. அந்தக் கோபத்தில்தான் மெல்வின் மூன்றாவது அறையைத் திறந்தார். அதற்கு ‘சிதைக்கப்பட்டவை’ என்று பெயர். அப்பா கட்டிக்கொடுத்த வீடுகளைத் தேடிப் போய், தெருவில் நின்று படம் எடுத்து, அன்றைய படத்துக்குப் பக்கத்தில் இன்றைய படத்தை மாட்டினார். கீழே ஒவ்வொன்றுக்கும் ஒரு குறிப்பு. ‘பால்கனிக்கு அலுமினியக் கூண்டு. உள்ளே வசிப்பவை மனிதர்களே.’ ‘கருங்கல் தூணுக்கு ரோஸ் பெயிண்ட். உரிமையாளர் நலமாக இருக்கிறார்.’ ‘முற்றத்தின் மேல் தகரம். வானம் இவர்களுக்குத் தேவைப்படவில்லை.’

கல்லூரி மாணவர்கள் சிலர் வந்து இதைப் படித்துச் சிரித்து, வீடியோ எடுத்துப் போட்டார்கள். அது பரவியது. அதன் பிறகு சனி ஞாயிறுகளில் கூட்டம். வருகிறவர்கள் முதல் இரண்டு அறைகளையும் ரயில்வே பிளாட்பாரத்தைக் கடப்பதுபோலக் கடந்து மூன்றாவதற்குப் போய்ச் சிரித்தார்கள். ஊருக்கு ஒருவழியாகக் கண் திறந்துவிட்டது என்று மெல்வின் பூரித்தார். அடுத்தவன் வீட்டைப் பார்த்துச் சிரிப்பதற்குக் கட்டடக்கலை தெரிந்திருக்க வேண்டியதில்லை என்பது அவருக்குத் தோன்றவேயில்லை.

அதிகச் சிரிப்பு வாங்கிய படம் பெரியநாயக்கன்பாளையத்து அப்புசாமியின் வீடு. உயரமான வாசல், அதற்கு ஏறும் கல் பலகைகள், அன்றைய படத்தில் கோயில் மாதிரி நின்றது. இன்றைய படத்தில் அந்தப் படிகளின் ஓரமாக இரும்புக் குழாயை வெல்டிங் வைத்து ஒரு கைப்பிடி. அதுவும் பம்பு செட்டுக்கு அடிக்கிற பச்சையில். குறிப்பு இப்படி இருந்தது: ‘மாட்டுக் கொட்டகைக்கும் வீட்டுக்கும் வேறுபாடு அறியாதவர் கைவண்ணம்.’

ஒரு புதன்கிழமை, வெள்ளைச் சேலை கட்டிய ஓர் அம்மாள் முருங்கைக்காய்ப் பையோடு, சுவரில் உள்ளங்கையை ஊன்றி ஊன்றி மேலே வந்தார். ஸ்கேனுக்கு என்று நினைத்து மெல்வின் கண்ணாடிக்கு மேலே பார்த்தார். அந்த அம்மாள் இறங்கிப் போகவில்லை.

"பெரியநாயக்கன்பாளையம் அப்புசாமியோட சம்சாரமுங்க. சென்னியம்மாள். உங்கப்பா, இஞ்சினீரு, அவருதானுங்க எங்க ஊட்டைக் கட்டுனாரு."

"ஆர்க்கிடெக்ட்" என்று திருத்தினார் மெல்வின்.

"ஆமாங்க, இஞ்சினீரு" என்றார் சென்னியம்மாள் மரியாதையாக.

வந்த விஷயத்தை அவர் சுற்றி வளைத்துத்தான் சொன்னார். அப்புசாமி தவறிப் போய்ச் சில வருஷம் ஆகிறது. ஒரே மகன் மதன்குமார் பம்புக்கு உதிரிபாகம் செய்யும் பட்டறை வைத்திருக்கிறான். முப்பது தாண்டியும் பெண் அமையவில்லை. பட்டறை என்றாலே பெண் வீட்டார் யோசிக்கிறார்கள். இப்போது அந்தியூர்ப் பக்கம் கனிஷ்கா என்று ஒரு பெண். ஜாதகமும் பொருந்தி, இரண்டு பேரும் பேசி ஒருவருக்கொருவர் பிடித்தும்போய், எல்லாம் கூடி வந்த நேரத்தில் இந்த வீடியோ அந்தப் பெண்ணின் சொந்தக்காரர்கள் போனுக்குப் போய்விட்டது. மாட்டுக் கொட்டகை மாப்பிள்ளை என்று கேலி பேசுகிறார்களாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீடு பார்க்க வருகிறார்கள். அதுவரைக்கும் அந்தப் படத்தைக் கழற்றி வைக்க வேண்டும்.

"ஞாயித்துக்கெழம தாண்டுச்சுன்னா மறுக்காவும் மாட்டிக்குங்க தம்பி. நான் ஒண்ணுஞ் சொல்ல மாட்டேனுங்க."

இது கல்யாணத் தரகர் ஆபீஸ் இல்லை என்றார் மெல்வின். ஒரு படத்தைக் கழற்றினால் நாளைக்கு எல்லோரும் வந்து நிற்பார்கள் என்றார். நடந்ததைத்தான் மாட்டியிருப்பதாகவும், வெட்கம் வந்தால் அது குழாயை வைத்தவர்களுக்கு வர வேண்டியது என்றும் சொன்னார். பிறகு, ஏதோ பெரிய மனசு பண்ணுகிறவர்போல, அந்தக் குழாயை அறுத்துப்போட்டால் தானே வந்து புதுப் படம் எடுத்து மாட்டுவதாகச் சொன்னார்.

"அதை அறுக்கறதுக்கில்லீங்க."

"எதுக்குங்க அதை வெச்சீங்க முதல்ல?"

சென்னியம்மாள் வாயைத் திறந்தார். சுவரில் மாட்டியிருந்த தேவதாஸின் படத்தைப் பார்த்தார். திறந்த வாயை மூடிக்கொண்டார்.

"தேவப்பட்டுதுங்க" என்று மட்டும் சொன்னார்.

முருங்கைக்காய்ப் பையை விமலாராணியிடம் கொடுத்துவிட்டு அவர் திரும்பினார். விமலாராணி அவர் கையைப் பிடித்துக் கீழே இறக்கிக் கூட்டிப்போய், தங்கள் வீட்டுக் கூடத்தில் உட்காரவைத்து டீ போட்டுக் கொடுத்து, பஸ் ஏற்றிவிட்டு வந்தாள். வந்ததும் கணவனிடம் அந்தப் படத்தைக் கழற்றும்படி கேட்டாள். இரக்கப்பட்டுக்கொண்டிருந்தால் மியூசியம் நடத்த முடியாது என்றார் அவர். விமலாராணி அதற்கு மேல் பேசவில்லை. அவள் பேசாமல் இருக்கும்போது ஜெபிக்கிறாள் என்பது மெல்வினுக்குத் தெரியும். அதைப் பற்றியும் அவருக்கு ஓர் இளக்காரம் உண்டு.

சனிக்கிழமை ஒரு குடும்பம் வந்தது. முன்னால் வந்தவர் தும்பைப்பூப்போல வேட்டி கட்டிய, அதிகம் பேசாத மனிதர். அங்கப்பன் என்று பெயர் சொன்னார். பின்னால் அவருடைய அக்கா நஞ்சம்மாள் பாதிப் படியில் நின்றுகொண்டு சத்தம் போட்டார். "ஏனுங்க, புடிக்கறதுக்கு ஒண்ணுமே இல்லீங்களா? இப்படியே ஏறுனா நேரா மோட்சத்துக்குத்தான் போவோணும்."

மெல்வின் அவருக்கு அப்பாவின் தத்துவத்தை விளக்கினார். நஞ்சம்மாள் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் படியில் கையும் ஊன்றி மேலே வந்து சேர்ந்தார். வழக்கம்போல மூன்றாவது அறைக்குத்தான் எல்லோரும் போனார்கள். நல்ல கூட்டம், நஞ்சம்மாள் சிரித்தால் சுவர் அதிர்ந்தது. மெல்வினுக்கு உற்சாகம் வந்துவிட்டது. குறிப்பில் எழுதாமல் விட்டதையும் வாயால் சொன்னார். ரோஸ் பெயிண்ட் அடித்தவர் மிட்டாய்க் கடை வைத்திருக்க வேண்டும் என்றார். நஞ்சம்மாள் போனைத் தூக்கிப் படம் பிடித்தார்.

பச்சைக் கைப்பிடிக்கு முன்னால் வந்ததும் அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எந்த ஊர் என்று மெல்வின் கேட்டார். அந்தியூருங்க என்றார் நஞ்சம்மாள்.

மெல்வினுக்குப் புரிந்துவிட்டது. இதை மறைக்காமல் சொல்ல வேண்டும்: அந்த நிமிஷத்தில் வந்திருப்பது யார், நாளைக்கு எங்கே போகப்போகிறார்கள் என்பது அவருக்கு நன்றாகவே தெரிந்தது. நெஞ்சில் சுருக்கென்று ஒன்று தைத்தது. அடுத்த படத்துக்கு நகர்ந்திருக்கலாம். நல்ல மனிதர்கள்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதற்குக் காசு செலவில்லை.

அங்கப்பன் மெதுவாகக் கேட்டார். "இந்த ஊட்டுக்காரங்க எப்படிங்க? உங்களுக்குப் பழக்கமுங்களா?"

கூட்டம் காத்திருந்தது. சிரிக்கத் தயாராக அரைச் சிரிப்போடு காத்திருந்தது. அந்த அரைச் சிரிப்பை விட மெல்வினுக்கு மனசு வரவில்லை.

"கண்ணு இருக்குதுங்க. பார்வைதான் இல்லை."

நஞ்சம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அங்கப்பன் சிரிக்கவில்லை. படத்திலிருந்த மாப்பிள்ளை வீட்டு வாசலைப் பார்த்தபடியே நின்றார். அவர் முகத்தில் ஏதோ ஒரு கதவு சாத்திக்கொள்வது தெரிந்தது.

அப்போதுதான் விமலாராணி அறை வாசலில் வந்து நின்றாள். வந்தவர்களுக்கு முன்னால் அவள் ஒருநாளும் கணவன் பேச்சுக்குக் குறுக்கே பேசியதில்லை.

"அந்தக் கைப்பிடி எங்க மாமாவுக்காக, இவங்கப்பாவுக்காக வெச்சதுங்க" என்றாள்.

மெல்வின் திரும்பிப் பார்த்தார்.

"வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு அவருதான் கேக் எடுத்துட்டு அந்த ஊட்டுக்குப் போவாருங்க. அந்தம்மா அவருக்குச் சந்தகை பிழிஞ்சு வெச்சிருப்பாங்க. வயசான காலத்துல ஒரு தடவை அந்தப் படியில வுழுந்துட்டாரு. அவுரு கட்டுன படிதான். கணுக்காலெல்லாம் ரத்தம். அவங்கதான் தூக்கிட்டுப் போயி மருந்து போட்டு, கார்ல கொண்டாந்து உட்டாங்க. அந்த வாரமே பட்டறையில இருந்த குழாயை எடுத்து, அங்கயே இருந்த பெயிண்டை அடிச்சு, கைப்பிடி வெச்சுபோட்டாங்க. அவரு மறுபடி வரோணும்னு."

அவள் கணவனைப் பார்த்தாள்.

"பையனுக்குத் தெரிஞ்சா வெளிய உட மாட்டான், சொல்லாதீங்கன்னு மாமா எல்லாருகிட்டயும் சத்தியம் வாங்கினாரு. என்கிட்டயும். கர்த்தர் என்னை மன்னிக்கட்டும். இன்னைக்கு அதை மீறிட்டேன்."

நஞ்சம்மாள் போனைப் பைக்குள் வைத்தார். அங்கப்பன் விமலாராணியைக் கும்பிட்டுவிட்டுப் படியிறங்கினார். மற்றவர்களும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள்.

இகழ்ந்தே பழகிய மனசு அவ்வளவு சீக்கிரம் அடங்காது. தனியாக நின்ற மெல்வின் முதலில் மனைவியை இகழ்ந்தார்: இத்தனை வருஷம் மறைத்தவள். பிறகு அப்புசாமியை: வெளிப்படையாகச் சொல்லத் துப்பில்லாதவர். பிறகு அப்பாவைக்கூட: தன் படியிலேயே விழுந்தவர். கடைசியில் இகழ்வதற்கு ஆள் தீர்ந்துபோனது. அப்பா தன் கடைசி வருஷத்தில் இந்த மாடியை விட்டு இறங்கவேயில்லை. வரைபடங்களில் மூழ்கிவிட்டார், மகான்கள் அப்படித்தான் என்று மெல்வின் வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொன்னார். இறங்குவதற்குப் பயந்துதான் அவர் மேலே இருந்தார். ஊன்றிக்கொள்ள ஒரு கம்பி இருந்திருந்தால் இறங்கியிருப்பார். மகன் வைக்கவில்லை. யாரோ ஒரு பட்டறைக்காரர் வைத்தார். அவருக்கு மகன் கொட்டகைக்காரர் என்று பேர் வைத்தார்.

அவர் அந்தப் படத்தைக் கழற்றினார். அதன் இடத்தில் வெளிறிய சதுரம் தெரிந்தது. பிறகு மற்ற படங்களையும் கழற்ற ஆரம்பித்தார்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும், எங்கே என்று சொல்லாமல் விமலாராணியை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் ரோட்டில் போனார். எங்கே என்று அவளும் கேட்கவில்லை.

பெரியநாயக்கன்பாளையத்தில் அவரைப் பார்த்ததும் சென்னியம்மாள் பயந்துபோனார். மறுபடியும் படம் எடுக்க வந்திருக்கிறாரோ என்று எட்டிப் பார்த்தார். படத்தைக் கழற்றிவிட்டதாகவும், நேற்று அந்தியூர்க்காரர்களிடம் தான் பேசிய பேச்சையும் மெல்வின் வாசலில் நின்றபடியே சொன்னார். தன்னால் இந்தச் சம்பந்தம் போய்விடும் என்றார். இதைச் சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு வேர்த்துவிட்டது.

சென்னியம்மாள் கேட்டுக்கொண்டார். கோபப்படவில்லை, கோபப்பட அவருக்கு அன்று நேரமும் இல்லை.

"சரி உடுங்க. வாரவங்களை வாசல்ல நின்னு வாங்கன்னு கூப்புட எங்க ஊட்டுல பெரிய ஆம்பளை இல்லீங்க தம்பி. நான் முன்னால நிக்கறதில்லை. உங்கப்பா இருந்தா அவரைத்தான் நிக்க வெச்சிருப்போம். நீங்க நில்லுங்க."

"நானுங்களா?"

"வேற யாரு இருக்கறாங்க?"

அப்படித்தான், அப்பா கட்டிய வாசலில், மதன்குமாருக்குப் பக்கத்தில், கும்பிட்ட கையோடு மெல்வின் நின்றார். காரிலிருந்து இறங்கிய அங்கப்பன் அவரைப் பார்த்ததும் நின்றுவிட்டார். நஞ்சம்மாள் நிற்கவில்லை.

"நேத்து இந்த ஊட்டைக் கேலி பண்றாரு, இன்னைக்கு வாங்கன்னு கூப்புடறாரு. ஏனுங்க சார், கண்ணு இருக்குது பார்வை இல்லைன்னீங்களே, அது யாருக்குங்க?"

"எனக்குத்தானுங்க" என்றார் மெல்வின். "நேத்தே உங்களை யாருன்னு தெரிஞ்சுதான் பேசினேன். சிரிக்கறதுக்கு ஆள் இருந்ததால பேசினேன். எங்கப்பாவை இவங்க தாங்கிப் புடிச்சாங்க. நான் அவங்களை நடுத்தெருவுல நிறுத்திட்டேன். மன்னிச்சுக்குங்க."

கடைசி வார்த்தையை அவர் அங்கப்பனைப் பார்த்துச் சொல்லவில்லை. மதன்குமாரைப் பார்த்துச் சொன்னார். மதன்குமாருக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. வந்தவர்கள் பக்கம் திரும்பி, "படி பார்த்து வாங்க சார்" என்றான்.

உள்ளே உட்கார்ந்தார்கள். காப்பி வந்தது, குடித்தார்கள். மழையைப் பற்றி, பட்டறைக்கு வரும் ஆர்டர்களைப் பற்றி, அந்தியூர்ச் சந்தை பற்றியெல்லாம் பேச்சு நடந்தது. பெண்ணைப் பற்றி மட்டும் பேச்சே இல்லை. பின்கட்டில் சமையல் தயாராக இருந்தது. சாம்பார் வாசம் கூடம் வரைக்கும் வந்தது. ஆனால் யாரும் யாரையும் சாப்பிடக் கூப்பிடவில்லை. வீடு பார்க்க வந்தவர்கள் காப்பி குடிக்கலாம். இலையில் உட்கார்ந்து கை நனைத்துவிட்டால் சம்மதம் என்று பொருள். மனசு ஒப்பாதவர்கள் வேலை இருக்கிறது என்று எழுந்துவிடுவார்கள். அதனால் அவர்களாக வாய் திறக்கும்வரை வீட்டுக்காரர்கள் சாப்பாட்டுப் பேச்சையே எடுக்க மாட்டார்கள்.

ஊர் வழக்கம் எதையும் தெரிந்துகொள்ளும்படியாக மெல்வின் என்றைக்கும் யார் வீட்டிலும் உட்கார்ந்ததில்லை. பேச்சு ஓய்ந்துபோய் எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, வாசலில் நிறுத்தப்பட்டவன் என்ற பொறுப்பில், அவர் எழுந்து கைகூப்பினார்.

"நேரமாச்சுங்க. சாப்பாடு தயாரா இருக்குது. எல்லாரும் எழுந்து வாங்க."

மதன்குமாரின் முகம் வெளுத்தது. கதவோரம் நின்ற சென்னியம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். விமலாராணிக்கும் விஷயம் புரியவில்லை. ஆனால் ஏதோ கெட்டுவிட்டது என்பது புரிந்து, அவள் உதடுகள் ஓசையில்லாமல் அசைந்தன.

நஞ்சம்மாள்தான் முதலில் வாய் திறந்தார். "போச்சு போ. தாலி கட்டறதையும் இவரே சொல்லிருவாராட்ட இருக்குது."

அங்கப்பன் மெல்வினை ஏற இறங்கப் பார்த்தார். எழுந்து, போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். ஜன்னல் வழியே அவர் முதுகு தெரிந்தது. மகளோடு பேசுகிறார் என்பது, அவ்வளவு பெரிய மனிதர் குனிந்து மண்ணைக் காலால் கிளறிக்கொண்டே பேசுவதில் தெரிந்தது. "அந்த மியூசியக்காரரோட அப்பாவுக்கு வெச்சதுதான் கண்ணு" என்று ஒரு தடவை கேட்டது. "ஆமா கண்ணு, கேக்கு குடுக்க வாரவருக்கு" என்று இன்னொரு தடவை. பிறகு வெகுநேரம் அவர் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தார்.

மெல்வின் இன்னும் கைகூப்பியபடியே நின்றார். உட்காரலாமா என்று யாரும் சொல்லவில்லை. வாழ்நாளில் முதல் தடவையாக, ஓர் அறையில் இருப்பவர்களிலேயே ஒன்றும் தெரியாதவன் தான்தான் என்று அவருக்குத் தோன்றியது. ஆச்சரியமாக, அது அவருக்குப் பாரமாக இல்லை.

அங்கப்பன் உள்ளே வந்தார். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"ஏனுங்க மாப்பிள்ளை," என்றார், "கை கழுவோணும். தண்ணி எங்கைங்க இருக்குது?"

மதன்குமார் எழுந்திருப்பதற்குள் விமலாராணி செம்பை எடுத்துக்கொண்டு முன்னால் ஓடினாள்.